வேணாம் என்றொரு பாஷை

ஜூன் 3, செவ்வாய்

முதல் வகுப்பிலேயே டீச்சரோடு மல்லுக்கு நின்றாயிற்று.

'மொழியியல் அறிமுகம்' என்று கல்லூரி வாசலில் பலகை வைத்திருந்தார்கள். மாலை வகுப்பு, யார் வேண்டுமானாலும் சேரலாம். கடையைச் சாத்திவிட்டு நேரே போனேன். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எனக்குப் பிள்ளைகளாக இருக்கக்கூடிய வயது. டீச்சரே என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள், தலை நிறையச் சுருட்டை முடி. வந்ததும் வராததுமாக, "எழுத்து வேற, மொழி வேற. மொழின்னா பேச்சுதான். எழுத்து அதோட படம், அவ்வளவுதான்" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ! கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, "கடைசி வரி படிங்க" என்று கேட்டே வயிறு வளர்த்தவள் நான். எழுந்து நின்று, "எழுத்து இல்லன்னா மொழி எங்கம்மா நிக்கும்?" என்றேன்.

"உங்க பேரை எழுதிக் காட்டாம வாயால கூப்பிட்டா நீங்க திரும்ப மாட்டீங்களா?" என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். ஆள் கெட்டிக்காரிதான்.

பிறகு ஏன் இதில் சேர்ந்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். ஒருவன் நேரம் தோதாக இருந்தது என்றான், ஒருத்தி தோழி சேர்ந்ததால் என்றாள். என் முறை வந்தது. "எங்க அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாசம் ஆச்சு. மூளையில பேச்சு இருக்கிற இடம் அடிபட்டிருக்குன்னு டாக்டர் சொன்னார். அது என்ன இடம்னு தெரிஞ்சுக்க வந்தேன்" என்றேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

அண்ணனுக்கு வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல். 'வேணாம்.'

காலை வணக்கம் என்றாலும் வேணாம். கால் வலிக்குதா என்றாலும் வேணாம். புரிவதெல்லாம் நன்றாகப் புரிகிறது, வெளியே வரத்தான் வழி இல்லை என்று டாக்டர் சொல்கிறார். தலையாட்டச் சொன்னால் ஆமாம், இல்லை இரண்டையும் ஒரே மாதிரி ஆட்டுகிறான். இடது கையால் காட்டச் சொன்னாலும் குழம்பிவிடுகிறது. வலது கை வேலைக்கு ஆகாது. லென்ஸைச் சக்கரத்தில் பிடித்து மயிரிழை பிசகாமல் தேய்த்த கை அது.

இன்று மூணு கடைக்காரர் மறுபடி வந்தார். மூன்று கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்; எங்கள் கடை நான்காவதாக வேண்டுமாம். அப்பா கடையை எங்கள் இருவர் பேரிலும் எழுதி வைத்துப் போனார், அதனால் இரண்டு பேர் சம்மதமும் வேண்டும். அண்ணிக்கு விற்றால் போதும் என்று இருக்கிறது. அண்ணன் மகள் பொடிசும் அம்மா கட்சி. (பொடிசு என்பது பழைய பேர். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள், இப்போது என்னைவிட ஒரு சாண் உயரம்.)

"அண்ணனைக் கேக்காம ஒரு ஆணி கூட நகராது" என்றேன்.

"எப்படி அத்தை கேக்கறது? விக்கலாமான்னாலும் வேணாம், விக்க வேணாமான்னாலும் வேணாம். அவரு சொல்றதுக்கு அர்த்தமே இல்ல."

அர்த்தம் இல்லையாம்! பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கடையை அண்ணன் விற்கச் சொல்ல மாட்டான். எனக்குத் தெரியாதா? உள்ளறையில் அவன், முன்னால் நான், நடுவில் ஒரு துணித் திரை. எத்தனை வருடம்!

ஜூன் 10, செவ்வாய்

இன்று தொண்டையில் கை வைத்துக்கொண்டு 'கல்' சொன்னோம், பிறகு 'தங்கம்' சொன்னோம். ஒரே 'க' தான் எழுதுகிறோம். ஆனால் தங்கத்தில் விரல் நுனி அதிர்கிறது. இத்தனை வயதுக்கு இதைக் கவனித்ததே இல்லை.

அடுத்து பல், பால். "ஒரு சின்ன வித்தியாசம். ஆனா அது அர்த்தத்தை மாத்துதான்னு பாருங்க. மாத்தினா அது மொழியில உள்ளது. மாத்தலன்னா வெறும் சத்தம்" என்றாள் சுருட்டை டீச்சர். இதை அப்படியே மண்டையில் ஏற்றிக்கொண்டேன்.

கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தங்கம், பங்கு, சங்கு என்று சொல்லிப் பார்த்தேன். உள்ளே நுழைந்த பெரியவர், "தொண்டை கட்டிக்கிச்சா? வெந்நீர் குடிம்மா" என்றார்.

ஜூன் 12, வியாழன்

கடையில் தேர்க்கூட்டம், வகுப்புக்கு மட்டம், வயிற்றெரிச்சல்.

ஜூன் 17, செவ்வாய்

அவசரப்படாமல், முதலிலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன்.

வகுப்பில் டீச்சர் ஒரே ஒரு சொல்லைக் கொடுத்தாள்: 'சரி'. ஆளுக்கொரு விதமாகச் சொல்லச் சொன்னாள். ஒத்துக்கொள்ளும் சரி, "இரு, உன்னைப் பார்த்துக்கறேன்" என்கிற சரி, "சரி சரி, ஆளை விடு" என்கிற சரி, அப்படியா என்று வியக்கிற சரி. முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாலும் எது எது என்று தெரிந்தது. எழுத்து ஒன்று. ராகம்தான் வேறு. "ராகம் தங்கற இடமும் சொல் தங்கற இடமும் மூளையில ஒண்ணா இருக்கணும்னு அவசியமில்ல" என்றாள்.

எனக்கு அண்ணனின் 'வேணாம்' ஞாபகம் வந்தது. வகுப்பு முடிந்ததும் நேரே அண்ணன் வீட்டுக்குத்தான் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணி கேட்டாள்: "இன்னும் கொஞ்சம் போடவா?"

"வே...ணாம்." நீட்டி, கடைசியில் மெல்ல இறக்கினான்.

அண்ணி தட்டை எடுக்கப் போனாள். "அண்ணி, எடுக்காதீங்க! போட்டுப் பாருங்க" என்று கத்தியே விட்டேன். போட்டாள். அவ்வளவையும் சாப்பிட்டான். மறுபடி கேட்கச் சொன்னேன்.

"வேணாம்." வெடுக்கென்று, குட்டையாக. தட்டையும் தள்ளிவிட்டான்.

இரண்டு வேணாம்! பல், பால் மாதிரி இரண்டு வேறு சொல்!

அண்ணி கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாலு மாசமா நான் ரெண்டாவது தரம் போட்டதே இல்லையே. வேணாம்னுதானே சொல்றாருன்னு எடுத்துட்டுப் போயிட்டேனே. அதான் இப்படி இளைச்சுட்டாரா?" என்று அழுதாள். அண்ணன் அவளைப் பார்த்து நீட்டி இறக்கி ஒரு வேணாம் சொன்னான். ஆமாம் என்கிறான் பாவி! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஜூன் 22, ஞாயிறு

விடை தெரிந்த கேள்விகளாகக் கேட்டேன், போனில் பதிவு செய்தேன்.

இது கண்ணாடியா? நீட்டல். இது செருப்பா? (காட்டியது சீப்பு.) குட்டை. நான் உனக்கு அக்காவா? குட்டை. தங்கச்சியா? நீட்டல். நான் வாயாடியா? இதற்கு வந்த நீட்டல் தெருமுனை வரை போயிருக்கும். சின்ன வயதிலிருந்து அவன் என்னைக் கூப்பிடும் பேர் அதுதான்.

பொடிசு கதவருகே கைகட்டி நின்று பார்த்தாள். "உங்களுக்கு என்ன கேக்கணுமோ அதான் கேக்குது அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனாள். திமிர். யாரைக் கொண்டு பிறந்திருக்கிறது என்று தெரியவில்லை. தெரியும், என்னைத்தான்.

ஜூன் 24, செவ்வாய்

சுருட்டை டீச்சரிடம் போட்டுக் காட்டினேன். தட்டிக் கொடுப்பாள் என்று பார்த்தால், "உங்க அண்ணன் மகள் சொன்னது நியாயம்தான். எதிர்பார்க்கிறது காதுல விழும்" என்கிறாள்!

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். ஆனால் வழியும் அவளே சொன்னாள். கேள்வியை எல்லாம் வெட்டிவிட்டு அவன் குரலை மட்டும் கொடுங்கள், எந்தக் கேள்விக்கு எது என்று எனக்குத் தெரியக் கூடாது, நான் காதால் பிரிக்கிறேன் என்றாள். வெட்டும் வேலையைப் பொடிசிடமே கொடுத்தேன். நம்பாதவள் கையால் நடக்கட்டும்.

ஜூலை 1, செவ்வாய்

டீச்சர் பிரித்ததும் என் கணக்கும் ஒன்றேதான்!

ஒன்றே ஒன்றுதான் மாறிப்போனது. அப்போது அவன் வாயில் மாத்திரை இருந்தது.

குரலைக் கோடாக வரைந்து காட்டும் செயலியிலும் போட்டாள். ஆமாம் என்பது ஒரு சரிவு, இல்லை என்பது ஒரு குட்டை மேடு. எங்கள் கடையில் லென்ஸின் வளைவைப் பார்ப்பது போலக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். அர்த்தம் இல்லையாம்! இந்தா, இருக்கிறது பார்.

ஜூலை 6, ஞாயிறு

பொடிசு தோற்றதை ஒப்புக்கொண்டாள். அழகாகவே ஒப்புக்கொண்டாள். "சரி அத்தை. அடுத்த ஞாயிறு அப்பாவையே கேட்போம். என்ன சொல்றாரோ அதுதான். நானும் அம்மாவும் அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசமாட்டோம். நீங்களும் பேசக்கூடாது."

"பேசுனா என் பேரு வாயாடி இல்ல" என்றேன்.

"எங்களுக்கு இன்னும் காது பழகல. அவரு பாஷை உங்களுக்குத்தான் சுத்தமா தெரியும். நீங்களே கேட்டு நீங்களே சொல்லுங்க" என்றாள் அண்ணி.

ஜெயித்தாயிற்று. நாளைக்கு அந்தத் துணித் திரையை மாற்றவேண்டும், பழசாகிவிட்டது. நீலத்தில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கூடத்தில் நாலு பேரும் உட்கார்ந்தோம். அண்ணி அவன் தலையை வாரிவிட்டிருந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அண்ணா, கடையை மூணு கடைக்காரர் கேக்கறார். வித்துடலாமா?" என்றேன்.

"வே...ணாம்."

நீட்டல். இறக்கம். அதே சரிவு.

அண்ணி என் முகத்தையே பார்த்தாள். பொடிசும்தான். "என்ன சொன்னாரு அத்தை?"

காதில் விழுந்தது தப்பாக இருக்கட்டும் என்று நினைத்தேன். கண் சோதிக்கும்போது, "இது நல்லா தெரியுதா, அது நல்லா தெரியுதா" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, பிறகு மாற்றிப் போட்டும் கேட்போம். ஆள் சும்மா சொல்கிறாரா, நிஜமாகவே தெரிகிறதா என்று அதில் தெரிந்துவிடும். அதையே செய்தேன்.

"கடையை நாமளே வச்சுக்கலாமா அண்ணா?"

"வேணாம்." வெடுக்கென்று.

திருப்பி ஒருமுறை கேட்டேன். அதே. என் கண்ணையே பார்த்துக்கொண்டு சொன்னான். தடுமாற்றமே இல்லை.

அந்த நேரத்தில் நான் என்ன சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்கள். சொல் 'வேணாம்'. அதை அப்படியே எடுத்து, "விக்க வேணாம்கறான்" என்று சொன்னால் முடிந்தது. பொய் கூட இல்லை, அவன் வாயிலிருந்து வந்த சொல்தானே? நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நாலு மாதம் அதே சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டுதானே அண்ணி தட்டை எடுத்துப் போனாள்? தெரியாமல் செய்தவளே அவ்வளவு அழுதாள். நான் தெரிந்து எடுக்கவா?

"விக்கச் சொல்றான்" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. பொடிசு, "என்னது?" என்றாள். மறுபடி சொன்னேன். அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணிதான், "நல்லாக் கேட்டியாம்மா? அவசரமில்ல, இன்னொரு நாள் கேப்போமே" என்றாள். எனக்காகச் சொல்கிறாள் என்று தெரிந்தது.

"நல்லாத்தான் கேட்டேன் அண்ணி." செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

போடா! நீயும் உன் வேணாமும்.

ஜூலை 17, வியாழன்

வகுப்புக்குப் போகவில்லை. கற்றுக்கொண்டது போதும். கற்றுக்கொள்ளாமலே இருந்திருந்தால் கடை இருந்திருக்கும் — இல்லை, அப்படி எழுதக்கூடாது. அவன் பட்டினி கிடந்திருப்பான்.

ஏன்டா? ஒரு வார்த்தை... சரி, ஒரு வார்த்தைதானே உன்னிடம் இருக்கிறது. அதற்கு முன்னால் ஊர்ப்பட்ட வார்த்தை இருந்ததே, அப்போது சொல்லித் தொலைத்திருக்கலாமே?

ஜூலை 20, ஞாயிறு

போய் நேரே கேட்டுவிட்டேன். அண்ணி துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். நாங்கள் இருவர் மட்டும்.

"கை வராதுன்னா விக்கச் சொல்றே?" குட்டை.

"அண்ணி கஷ்டப்படறாங்கன்னா?" கொஞ்சம் யோசித்தான். குட்டை.

"எனக்காகவா? நான் தனியா மாரடிக்கறேன்னா?" குட்டை! சுத்தமாக, வெடுக்கென்று. கண்ணீரோடு கட்டிப்பிடிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன், மூக்கை உடைத்துவிட்டான்.

பிறகு என்னதான்? எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "பின்ன என்ன, அலுத்துப் போச்சா?" என்று வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"வே...ணாம்."

அவ்வளவு நீளமான நீட்டல் 'வாயாடியா' கேள்விக்குக் கூட வரவில்லை.

"எப்போலேர்ந்து? போன வருஷமா?" குட்டை. "அதுக்கும் முன்னாடியா?" நீட்டல். "ஆரம்பத்துலேர்ந்தேவா?"

சிரித்தான். இடது பக்கம் மட்டும் ஏறும் சிரிப்பு. நீட்டினான்.

அடப்பாவி! திரைக்கு அந்தப் பக்கம் சக்கரம் உறுமிக்கொண்டே இருக்கும், நான் இந்தப் பக்கம் விடாமல் பேசிக்கொண்டே இருப்பேன். அவனுக்கும் என்னைப் போலவே கடைதான் உயிர் என்று நானே முடிவு கட்டியிருக்கிறேன். "உனக்குப் பிடிச்ச கடைன்னுதானே நான் இந்தக் குதி குதிச்சேன்!" என்று அவன் தோளில் ஒன்று போட்டேன். வலது தோள். உணர்வு இல்லை என்று டாக்டர் சொன்ன தோள். "வேணாம்!" என்று கத்தினான். அது மூன்றாவது ராகம். அடிக்காதே என்பது.

அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னேன், தோளில் உறைக்குது என்று. துணியைப் போட்டது போட்டபடி ஓடி வந்தாள்.

ஜூலை 22, செவ்வாய்

வகுப்புக்குப் போனேன். மூன்றாவது ராகத்தைப் பற்றிச் சொன்னதும் டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டாள். கடையைப் பற்றிக் கேட்ட அந்த ஞாயிறன்று என்ன நடந்தது என்றும் சொன்னேன். "உங்களுக்குப் பாதகமான விடைன்னு தெரிஞ்சும் சொன்னீங்களா?" என்றாள்.

"அவன் பாஷையை மாத்திச் சொல்ல நான் யாரு?" என்றேன். கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன். உள்ளுக்குள் என்ன பாடு பட்டேன் என்பது எனக்குத் தெரிந்தால் போதும்.

ஆகஸ்ட் 16, சனி

சாவியைக் கொடுத்தாயிற்று. மூணு கடைக்காரர் இனி நாலு கடைக்காரர். நல்ல மனிதர்தான், காலை நேரத்தில் கண் சோதிக்க என்னையே வரச் சொல்லிவிட்டார். எழுத்து அட்டை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். சுவரில் அது இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. அழுதேன், நன்றாகவே அழுதேன். பிறகு முகம் கழுவிவிட்டு அட்டையைக் கொண்டுபோய் அண்ணன் அறையில் மாட்டினேன். மூளை எழுத்தையும் மறந்திருக்குமா என்று பார்க்கலாமே.

செப்டம்பர் 9, செவ்வாய்

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் என்னை வரச் சொன்னார்கள், போனேன். டீச்சர் சொல்லிவிட்டிருக்கிறாள். ஒரு அம்மாவுக்கு 'நாளைக்கு' மட்டும்தான் மிஞ்சியிருக்கிறதாம். எது கேட்டாலும் நாளைக்குத்தான். வீட்டில் உள்ளவர்கள் சலித்துப் போயிருக்கிறார்கள். "முதல்ல சுவரைப் பார்த்து உட்காருங்க. முகத்தைப் பார்க்காதீங்க, காதால கேளுங்க" என்றேன். அந்த அம்மாவின் மகன் முறைத்தான். முறைக்கட்டும், அடுத்த வாரம் தெரியும் சேதி.

செப்டம்பர் 21, ஞாயிறு

அண்ணன் கன்னத்தில் சதை போட்டிருக்கிறான். அண்ணி உள்ளேயிருந்து, "டீ?" என்று குரல் கொடுப்பாள், இவன் நீட்டுவான், எட்டிக்கூடப் பார்க்காமல் கொண்டுவந்து கொடுப்பாள். பொடிசு போனிலேயே அவனோடு பேசுகிறாள். அவள் கேட்கிறாள், இவன் நீட்டுகிறான், வெட்டுகிறான். இப்போது அந்த வீட்டில் நான் தேவையே இல்லை.

இன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இடது கையால் சுவரில் இருந்த எழுத்து அட்டையைக் காட்டினான். பிறகு என்னைக் காட்டினான். "வேணாம்?" என்றான்.

கடைசியில் ஏற்றி! கேள்வி! இத்தனை நாள் நாங்கள்தான் கேட்டோம், அவன் விடை சொன்னான். இன்று அவன் கேட்கிறான்.

அட்டை உனக்கு வேண்டுமா என்கிறானா, கடையை நினைத்து வருத்தமா என்கிறானா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எதுவாக இருந்தால் என்ன, இரண்டுக்கும் என்னிடம் ஒரே விடைதான் இருந்தது. அதை அவன் பாஷையிலேயே சொன்னேன். நீட்டி, கடைசியில் மெல்ல இறக்கி.

என் கையைப் பிடித்துக்கொண்டான்.

இங்கே எழுதிப் பார்த்தால் வெறும் 'வேணாம்' என்றுதான் வருகிறது. முதல் நாள் டீச்சரோடு போட்ட சண்டையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

உள்ளேயிருந்து அண்ணி, "ரெண்டு பேருக்கும்தானே? இதோ கொண்டுவர்றேன்" என்றாள். நாங்கள் டீயைப் பற்றிப் பேசவே இல்லை. இருந்தாலும் குடித்தோம்.